கிருமியும் அதன் விஷமும்

வாந்திபேதி என்னும் பெயரைக் கேட்டு நடுங்காத கிராமம் ஒரு காலத்தில் நமது நாட்டில் இருந்ததில்லை. பழனியை அடுத்த பாலசமுத்திரத்தைப் போல, யாத்திரீகர் திரளும் க்ஷேத்திரங்களின் அண்டையிலுள்ள ஊர்களுக்கு அவ்வச்சம் இரட்டிப்பாகும்.

இந்நோயை விளைப்பது ஒரு கிருமியே என்பதை, 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் எடுத்துரைத்தார். குற்றவாளி அகப்பட்டான், அவன் கையாண்ட ஆயுதம் அகப்படவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1959-இல், அதே கல்கத்தாவில் அதனைக் கண்டவர் வங்காளத்து வைத்திய அறிஞர் சம்புநாத் டே. கிருமிகள் வளர்ந்த திரவத்தை அவர் வடிகட்டி, அதில் ஒரு கிருமியும் இல்லாதபடி செய்தார். முயலின் குடலில் இருபுறமும் கட்டிய ஒரு பகுதிக்குள் அதனைச் செலுத்தினார். கிருமியே இல்லாதிருந்தும் குடலில் நீர் நிரம்பிற்று. நோயை விளைப்பது கிருமி கக்கும் விஷமே என்பது இவ்வாறு ருசுவாயிற்று.

இவ்விஷம் குடலைப் புண்ணாக்குவதில்லை. குடற்சுவரின் உயிரணுக்களில் ஒட்டி உட்புகுந்து, உப்பையும் நீரையும் ஓயாது வெளியேற்றும்படி அவற்றை ஏவுகிறது. சில மணி நேரத்திலேயே உயிர் பிரியலாம். விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருள்களை உண்டாக்கவோ நமது சரீரத்துக்குப் பல நாட்கள் வேண்டும். அதுவரை உயிரைத் தாங்குவது யாது?

சர்க்கரையும் உப்பும் அளவோடு கலந்த நீரே! சிதையாத குடல் சர்க்கரையோடு சேர்ந்த உப்பை உறிஞ்சவல்லது. உப்போடு நீரும் உட்செல்லும். 1971-இல் வங்காள எல்லையிலுள்ள பொங்காவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் இந்நீரையே கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு நாலுக்கும் குறைந்தது.

1978-இல் நோபல் மகாநாடு ஒன்று டேயை அழைத்துக் கௌரவித்தது. 1985-இல் அவர் மறையும் வரை தாய்நாட்டின் பெரும் விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அயலார் சுட்டிக் காட்டிய பின்னரே நம்மவரை நாம் அறிவது சுதந்திர நாட்டுக்கு அழகன்று.

அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான மரியாதை ஒன்று உண்டு. ஒவ்வொரு இல்லத்திலும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் இருத்தல் வேண்டும். பேதி கண்டவுடன், பொட்டலத்தில் குறித்த அளவு சுத்த ஜலத்தில் அதைக் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டிக்கொண்டே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். கல்கத்தாவில் விளைந்த அறிவு பாலசமுத்திரத்துக் குடிசையில் ஓர் உயிரைக் காக்குமாயின், அதுவன்றோ தேசத்தின் செல்வம்?