சில்லைக் கழற்றுமுன்

கல்லடிப் பாலத்துக்கு அப்பால், மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பாங்கிலே வாழும் எமது நண்பர் ஒருவரிடம், சிவப்பு வண்ண எம்.ஜி. மிட்ஜெட் கார் ஒன்று உண்டு. இருவர் மட்டுமே அமரக்கூடிய, கூரையற்ற சிறிய பந்தய ரக வண்டி அது. ஓய்வுபெற்ற ஆசிரியரான நண்பரின் தந்தையார், மலைநாட்டுத் தோட்டத்துரை ஒருவரிடம் அதனை இரண்டாங்கையாக வாங்கி வந்தாராம். 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய பாலத்தில் ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வண்டிகள் செல்லலாம். எதிர்ப்புறத்து வண்டிகள் யாவும் கடந்து தீரும்வரை தந்தையார் இந்தக் காரிலே பொறுமையுடன் காத்திருந்த காட்சியை நண்பர் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வார். 2013இல் புதிய பாலம் வந்துவிட்டது. காத்திருக்கும் சிரமம் போயிற்று. கார் மட்டும் போகவில்லை.

சென்ற மாரிக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை, அதன் பின்சில்லில் காற்று இறங்கிவிட்டது. வண்டியுடன் வந்த பழைய ஜாக்கி எப்பொழுதோ தொலைந்துவிட்டபடியால், அயல்வீட்டாரின் ஜப்பானியக் காரிலிருந்து கத்தரிக்கோல் வடிவான ஜாக்கி ஒன்று இரவலாக வந்தது. மணல்மேல் அரைச் செங்கல்லை வைத்து, அதன்மேல் ஜாக்கியை வைத்து, கதவுக்குக் கீழே கைக்கு எட்டிய இடத்தில் முட்டுக்கொடுத்து நண்பர் சுழற்றலானார். நாமும் அருகில் நின்று, "இன்னும் சற்று, இன்னும் சற்று" என்று யோசனை கூறிக்கொண்டிருந்தோம். ஆகவே, நடந்த பிழையில் எமக்கும் பங்குண்டு.

சில்லு நிலத்தைவிட்டு எழுந்தது. கழற்றிய நட் ஒன்று உருண்டு வண்டியின் அடியிற் போகவே, நண்பர் தோள்வரை கையை நுழைத்து அதனை எடுத்தார். கையை வெளியே இழுத்து மூன்று விநாடி சென்றிருக்காது; செங்கல் ஒருபுறம் மணலுக்குள் அமிழ்ந்தது, ஜாக்கி சாய்ந்தது, கார் தடாலென்று இறங்கியது. நண்பரின் மனைவியார் குசினியிலிருந்து ஓடிவந்தார். வெகுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் பார்த்தால், தரைத்தகடு உட்புறமாகக் குழிந்திருந்தது; கதவடியில் ஓடும் தகடு வாய் பிளந்திருந்தது; இடப்பக்கக் கதவு மூட மறுத்தது.

காத்தான்குடியிலிருந்து அழைத்துவரப்பட்ட முதிய மெக்கானிக்கை நண்பர் "காக்கா" என்றே அழைப்பார். அவர் வந்ததும் காரைப் பார்க்கவில்லை, செங்கல்லைப் பார்த்தார். "சேர், காருக்கு வந்த கேட்டைப் பாத்துத் திருத்தலாம். மறுகா உங்கட கைக்கு வந்தா எந்தக் கராஜில திருத்துறது?" என்றார். தாம் தொழில் பழகிய காலத்தில் தம்மீதும் ஒரு வண்டி இறங்கியதென்றும், கழற்றிய சில்லை அடியிலே படுக்கையாக வைத்திருந்தமையால் அச்சில்லின் கனமளவு இடைவெளியில் உயிர் தப்பியதென்றும் அவர் சொன்னபோது, நாம் இருவரும் பள்ளிப் பிள்ளைகளைப்போலத் தலைகுனிந்து நின்றோம்.

அவர் அன்று விளக்கியவற்றையும், பின்னர் நாம் தேடி அறிந்தவற்றையும், பழைய வண்டி வைத்திருப்போர் பொருட்டு இங்கே தருகிறோம்.

முதலாவது, எமது மண்ணைப் பற்றியது. மிட்ஜெட் ஏறத்தாழ 700 கிலோ எடையுள்ளது. ஒரு பக்கத்தைத் தூக்கும்போது அதிற் பாதி, அதாவது 350 கிலோ, ஜாக்கியின் அடியில் இறங்குகிறது. ஜாக்கியின் அடி 10 சென்றிமீற்றருக்கு 10 சென்றிமீற்றர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்றிமீற்றர் மணலும் மூன்றரைக் கிலோவைத் தாங்கவேண்டும். அதே ஜாக்கியை 50 சென்றிமீற்றர் சதுரமான தடித்த பலகையின்மேல் வைத்தால், அந்தப் பாரம் இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. செங்கல்லோ, நொறுங்கும் குணமுடையது. பாரத்தின்கீழ் அது முன்னறிவித்தல் கொடுத்து உடைவதில்லை. சீமெந்துக் கல்லுக்கும் இதே கதைதான்.

கராஜ்களில் உள்ள, சிறு உருளைகளில் ஓடும் எண்ணெய் ஜாக்கிக்கு இன்னொரு குணம் உண்டு. அதன் கை நேராக மேலெழுவதில்லை. வட்டத்தின் ஒரு துண்டைப்போல வளைந்து எழுகிறது. ஆகவே தூக்கும்போது ஜாக்கி சிறிது உருண்டு காரின் அடிக்கு வந்து சேரவேண்டும். மணலில் அதன் உருளைகள் புதைந்து நின்றுவிட்டால், நகரவேண்டிய ஜாக்கி நகராது, தலை வழுக்கும். சீமெந்துத் தரை இல்லாத வளவில் அதனை உபயோகிப்பதாயின், பலகை நீளமானதாகவும் அசையாததாகவும் இருத்தல் வேண்டும்.

தூக்குமுன் சில்லு நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திவிடுவது நன்று. வண்டி உயர்ந்து நிற்கையில் பலமாக இழுத்தால் அதுவே அதனைத் தள்ளிவிடும். கைத்தடை பின்சில்லுகளை மாத்திரமே பிடிக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். பின்புறம் உயர்ந்துவிட்டால் அத்தடையினால் யாதொரு பயனும் இல்லை. நிலத்தில் நிற்கும் முன்சில்லுகளின் இருபுறமும் மரக்கட்டை கொடுத்தே ஆகவேண்டும்.

இனி, எங்கே தூக்குவது? மிட்ஜெட் 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரத்துத் தொழிற்சாலையில் உருவானது. லொறிக்கு இருப்பதுபோலத் தனியான அடிச்சட்டம் அதற்குக் கிடையாது. வளைத்து ஒட்டப்பட்ட தகடுகளே அதன் எலும்பும் தோலும். கூரையும் இல்லாதபடியால், முன்புறத்தையும் பின்புறத்தையும் இணைத்துப் பிடிக்கும் பெரும்பொறுப்பு கதவின் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி போன்ற பாகத்தைச் சேர்ந்தது. கராஜ்களில் இதனைச் 'சில்' என்பார்கள். சில்லு வேறு, சில் வேறு. குழப்பத்தைத் தவிர்க்க நாம் இதைக் கதவடிப் பெட்டி என்போம். அதன் பக்கத்தில், ரப்பர் மூடியால் அடைக்கப்பட்ட துவாரம் ஒன்று இருக்கும். அதனுள்ளே, இருக்கைகளின் கீழே குறுக்காகச் செல்லும் சட்டத்தின் நுனியில், ஜாக்கியின் கையைச் செருகுவதற்கான குழிவு உண்டு. வண்டியுடன் வந்த ஜாக்கி அதற்கென்றே அமைந்தது. அந்தப் பக்கத்துச் சில்லுகள் இரண்டையும் ஒருசேர உயர்த்திவிடும். அதனைச் செருகும்போது ஜாக்கியின் உச்சி சற்று வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். கார் எழ எழ அது நிமிர்ந்து நேராகும்.

ஆனால் வாவிக்கரையில் ஐம்பது அறுபது ஆண்டு கண்ட வண்டியில், அந்தக் குழிவை நம்புவது அறிவீனம். கடற்காற்றின் உப்பும், மாரி வெள்ளமும், மணலால் அடைபட்ட நீர்வடி துவாரங்களும் சேர்ந்து கதவடிப் பெட்டியை உள்ளிருந்தே தின்றுவிடுகின்றன. கறள் பிடித்த இரும்பு தன் பழைய பருமனிலும் பலமடங்காக உப்புவதால், இரு தகடுகள் ஒட்டிய இடங்களைக் கறளே பிளந்துவிடும். வெளியே வண்ணம் பளபளக்கும், உள்ளே அப்பளம்! ஆகவே முன்புறத்துக்கு எஞ்சினின் அடியில் குறுக்காகச் செல்லும் தடித்த சட்டத்தின் நடுவிலும், பின்புறத்துக்குப் பின்அச்சின் நடுவிலுள்ள உருண்ட பெட்டியிலும் ஜாக்கியைக் கொடுப்பதே தக்கது. எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் ஒருபோதும் கொடுக்கலாகாது.

உயர்ந்தபின் வண்டியைத் தாங்கவேண்டியது ஜாக்கி அன்று. எண்ணெய் ஜாக்கியின் உள்ளே ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்தால், வண்டி சத்தமின்றி இறங்கும். முன்சட்டங்களின் கீழும், பின்அச்சின் இரு புறமும் இரும்பு ஸ்டாண்டுகளைக் கொடுத்து, பாரத்தை அவற்றில் இறக்கி, கையால் பலமாக ஆட்டிப் பார்த்த பின்னரே கீழே செல்லவேண்டும். அப்போதும் கழற்றிய சில்லு கதவடியிலே படுத்திருக்கட்டும். காக்காவின் உயிரைக் காத்தது அதுதானே.

சேதத்தைத் திருத்தும் வேலை மூன்று கிழமை நீடித்தது. தரைத்தகட்டின் குழிவு எளிதாயிற்று: கம்பளத்தை அகற்றி, கீழிருந்து இரும்புக் கட்டையை அணைகொடுத்து, மேலிருந்து மரச்சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டிச் சமப்படுத்தினார். குழிந்த தகட்டில் வண்ணம் வெடித்த இடமெல்லாம் கறளுக்கு வாசலாகையால், அன்றைக்கே சுரண்டிப் பூசிவிட்டார்.

பிளந்த கதவடிப் பெட்டி அப்படியன்று. சிறு சுத்தியலால் அவர் தட்டிக்கொண்டே போனபோது, நல்ல இடங்களில் கணீரென்றும், கெட்ட இடங்களில் தட்டைப் பானைபோலவும் ஓசை வந்தது. திருப்புளியால் அழுத்தியபோது அது தகட்டுக்குள் இறங்கியது! விழுந்ததால் வந்த கேடு கொஞ்சம். விழாமலே வந்திருந்த கேடு அதிகம். மேலே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி பூசி, வண்ணம் அடித்துக் கொடுக்கலாமா என்று நண்பர் செலவை நினைத்துக் கேட்டார். "செய்யலாம் சேர். அடுத்த மாரியோட கதவு கையில வரும்" என்பது பதில்.

மின்கலத்தைக் கழற்றி, பெற்றோல் தொட்டியை இறக்கி, வாளியில் மணலும் நீரும் வைத்துக்கொண்டு, அவர் முதலிற் செய்தது நமக்கு வியப்பாயிருந்தது. கதவை எடுத்துவிட்டு, கதவு வாயிலின் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே இரு இரும்புக் குழாய்களை ஒட்டி இறுக்கினார். கதவடிப் பெட்டியை வெட்டியதும் கூரையற்ற வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலே புதிய தகட்டை ஒட்டிவிட்டால் கதவு ஆயுளுக்கும் பொருந்தாது. வண்டியின் பாரம் அச்சுகளின்மேலேயே நின்றது. ஒரு பக்கம் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. கெட்டதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, குறுக்குச் சட்டத்தின் நுனியைப் புதிதாக அமைத்து, உட்தகடு, வெளித்தகடு என்ற முறையில் வைத்தார். ஒரே மூச்சில் ஒட்டாது, இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலமாக மாறி மாறி ஒட்டினார்; சூடு ஒரே இடத்தில் சேர்ந்தால் தகடு முறுகிவிடுமாம். ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி, இடைவெளியை விரலால் தடவிப் பார்த்தார்.

தகடு எங்கே கிடைத்தது என்று கேட்பீர்கள். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, உள்ளதையே ஒக்கிட்டு ஓட்டும் வித்தை இத்தீவில் வளர்ந்தது. மொறிஸ் மைனரின் உடற்தகடுகளை இங்கே கையால் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழில் பின்னாளில் எழுந்ததென்றால், அந்த வித்தையின் தரத்தை வேறு சொல்லவேண்டுமா? மிட்ஜெட்டின் பழைய எஞ்சின்கள் மைனருக்கு உறவுமுறை என்பதால் உதிரிகளும் ஓரளவு கிடைக்கின்றன. கதவடித் தகட்டைக் காக்கா தாமே வளைத்துக்கொண்டார்.

இறுதியில் பெட்டியின் உள்ளே மெழுகு கலந்த எண்ணெய் தெளிக்கப்பட்டது; நீர்வடி துவாரங்கள் கம்பியால் திறக்கப்பட்டன. கதவு, முன்பிருந்ததைவிட மெல்லிய ஓசையுடன் மூடிக்கொண்டது. எஞ்சியது, ஜாக்கித் துவாரத்தை அடைக்கும் ரப்பர் மூடி ஒன்றே. அது இல்லாவிட்டால் மழைநீர் நேராக உள்ளே போகும். கடைகடையாகத் தேடியும் கிடைக்காமற் போகவே, நண்பரின் மனைவியார் பழைய ரப்பர்ச் செருப்பொன்றைக் கொணர்ந்து கொடுத்தார். காக்கா அதனை வட்டமாக வெட்டி, விளிம்பைச் சீவி, பெருவிரலால் அழுத்தினார். சிவப்புக் காரில் நீல மூடியாக அது இருந்து வருகிறது.