நடைக்கு முன்பே காக்க வேண்டியது

மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்திகளைக் கடத்தும் தண்டுவடத்தின் ஒரு மட்டத்தில் அழற்சி குறுக்காகப் பரவுவதையே மருத்துவர்கள் டிரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்கின்றனர். சில மணி நேரம் முதல் மூன்று வாரத்துக்குள் உச்சத்தை எட்டும் இந்நோயில் கால்கள் வலுவிழக்கின்றன. வயிற்றையோ மார்பையோ கச்சையால் இறுக்கியது போன்ற உணர்வு தோன்றுகிறது. சிறுநீரும் மலமும் கட்டுக்குள் நிற்பதில்லை. தொற்றுக்குப் பின் உடலின் எதிர்ப்பாற்றல் தடம் மாறுவதாலோ, மயலின் எனப்படும் நரம்புறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நோய்களாலோ இது நேரலாம் என்பதால், மறுதாக்குதலைத் தடுக்க மூலகாரணத்தை அறிவது இன்றியமையாதது.

சிரைவழியே நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள்கள் செலுத்தப்படும் மெத்தில்பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டும், அது பயன் தராதபோது குருதியின் நீர்ப்பகுதியை மாற்றும் பிளாஸ்மா மாற்றமும் அழற்சியைத் தணிக்குமேயன்றி, அறுபட்ட நரம்பிழைகளை இணைப்பதில்லை. கை கால்களின் நரம்புகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வளர வல்லவை. தண்டுவட இழைகளுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே, எஞ்சிய இழைகள் மீண்டும் உறை பெறுவதும், பயிற்சியால் வலுப்பெறுவதுமே மீட்சிக்கு அடிப்படையாகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் தொடங்கும் அம்மீட்சி, இரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடும்.

எப்போது நடக்க முடியும் என்பதே குடும்பத்தாரின் முதல் கேள்வியாக இருப்பது இயல்புதான் என்றாலும், அதற்கு இணையான அக்கறையைச் சிறுநீர்ப்பையும் கோருகிறது என்பதை அழுத்தமாகச் சொல்லியாக வேண்டும். முழுதும் வெளியேறாமல் தேங்கும் சிறுநீர் தொற்றை வளர்ப்பதோடு, பின்னழுத்தத்தால் சிறுநீரகங்களையும் பழுதாக்குகிறது. தண்டுவடம் பாதிக்கப்பட்டோரின் உயிரை ஒரு காலத்தில் பெருமளவில் பறித்தது சிறுநீரகச் செயலிழப்பே. அமெரிக்கச் சிறுநீரகவியல் அறுவை மருத்துவர் ஜாக் லேப்பிடஸ் 1972-இல் முன்வைத்த எளிய முறை இந்நிலையை மாற்றத் துணைநின்றது. மெல்லிய கதீட்டர் குழாயைச் சுத்தமான கைகளால் நோயாளரே நாலைந்து மணி நேரத்துக்கொரு முறை செலுத்திச் சிறுநீரை வடித்துவிட்டு, உடனே அதை வெளியே எடுத்துவிடுவதே அம்முறை.

கூச்சத்தால் வீடுகளில் பேசப்படாமல் போகும் இப்பயிற்சியும், உணர்விழந்த தோலில் படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்கவைப்பதும் மறுவாழ்வு மருத்துவத்தின் முதற்பாடங்களாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்துறையை வளர்த்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர்; சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளர்க்கு அறுவை செய்தவர். அவரது பாதிப்பு அழற்சியால் அன்றிக் காயத்தால் விளைந்ததெனினும், 1966-இல் அவர் முயற்சியால் அங்கு உருவான மறுவாழ்வு நிலையம் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர்க்கு இன்றும் பயிற்சி அளித்து வருகிறது.