சமவெளிச் சாலையில் வேகத்தின் நிதானம்

சேலத்திலிருந்து நாமக்கல் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், மல்லூரைத் தாண்டியபின், இருமருங்கிலும் மரவள்ளிக் காடுகளும் கோழிப் பண்ணைகளும் விரிந்து கிடக்க, நேராக நீண்டு செல்லும் பாதையைக் காணும் எவருக்கும், ஆக்சிலரேட்டரை மிதித்தே மரத்துப்போன வலது காலுக்குச் சற்று ஓய்வு கிடைக்காதா என்று தோன்றுவது சகஜம். அந்த ஓய்வைத் தருவதற்கென்றே இக்காலத்துக் கார்கள் பலவற்றில் குரூஸ் கண்ட்ரோல் என்னும் சாதனம் அமைந்திருக்கிறது.

இதைச் சிருஷ்டித்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஐந்தாவது வயதில் நேர்ந்த விபத்தினால் பார்வையை இழந்தவர். தம் வழக்கறிஞர் காரோட்டும்போது, அவர் பேசுகையில் வேகம் தளர்வதையும் கேட்கையில் கூடுவதையும் உணர்ந்து சலிப்புற்றதே இம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று என்பர். 1950-இல் காப்புரிமை கிடைத்தது; 1958-இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் கார்களில் இது இடம்பெற்றது. பார்வையிழந்த ஒருவர், காரோட்டும் கோடானுகோடிப் பேரின் சிரமத்தைத் தணித்தார் என்பதை எண்ணுந்தோறும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

விரும்பிய வேகத்தை எட்டியதும் ஸ்டியரிங்கிலுள்ள 'செட்' பொத்தானை அழுத்தினால், அந்த வேகத்தை யந்திரம் ஞாபகத்தில் இருத்திக்கொண்டு, சக்கரங்களின் சுழற்சியைக் கணந்தோறும் அளந்து, எஞ்சினின் சக்தியைத் தானே கூட்டியும் குறைத்தும் காரை ஒரே சீராகச் செலுத்துகிறது. பிரேக்கையோ கிளட்சையோ தொட்டால் விலகிக்கொள்கிறது. ஆயினும் பலர் அறியாத சௌகரியம் கூட்டல், கழித்தல் பொத்தான்களில்தான் இருக்கிறது. லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பேர்போன நாமக்கல் வட்டாரத்துச் சாலையில் லாரிகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பீடு கவர்னர் பூட்டிய லாரி மணிக்கு 80 கிலோமீட்டரை மீறாது. தொண்ணூறில் வரும் நாம் தொலைவிலேயே அதைக் கண்டு, பிரேக்கை மிதியாமல், கழித்தல் பொத்தானைச் சில முறை தட்டினால், பல கார்களில் தட்டுக்கு ஒரு கிலோமீட்டர் வீதம் வேகம் தணிந்து, பின்னால் வருபவர் திடுக்கிடாதபடி இடைவெளி நிலைக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வளர்வதால், அவ்வாறு தணிப்பதில் எரிபொருளும் மிச்சமாகும்.

இதே நெடுஞ்சாலையில் தருமபுரிப் பக்கமிருந்து தொப்பூர் கணவாயில் இறங்குகையில் மட்டும் இதை நம்பலாகாது. சாதாரண குரூஸ் கண்ட்ரோல் எஞ்சினை அடக்குமேயன்றிப் பெரும்பாலும் பிரேக்கைப் பிடிக்காது. சரிவிலே குறித்த வேகத்தை மீறிக் கார் ஓடும். அங்கே அதை நிறுத்திவிட்டுக் குறைந்த கியரில் இறங்குவதே உசிதம். மழை நீர் தேங்கிய சாலையிலும் அவ்விதமே. முன்செல்லும் வண்டியை ரேடாரால் அறிந்து தானே தணியும் புதிய வகையையும், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென நுழையும் டிராக்டருக்கும் எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிளுக்கும் காவலாகக் கருதலாகாது.

இன்னொன்று. வழியிலுள்ள புதுச்சத்திரம் போன்ற ஊர் நெருங்கிப் பிரேக் பிடித்து மெல்லச் சென்றபின், 'ரிஸ்யூம்' பொத்தானைத் தொட்டால் கார் பழைய தொண்ணூறை நோக்கி விரையும்; ஊரைக் கடந்து, முன்னே பாதை தெளிவாகத் தெரியும்வரை அதன்மேல் விரல் படக்கூடாது.