எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போகிறீர்களா?

வீணை வாங்க வேண்டும் என்றால் நமக்கு வழி தெரியும். தஞ்சாவூர் வீணையா என்று கேட்போம். பாட்டு வாத்தியாரைக் கூட அழைத்துக்கொண்டு போவோம். சுருதிப் பெட்டி என்றால் நாமே தட்டிப் பார்த்து வாங்கிவிடுவோம். ஆனால் வீட்டில் வளர்ந்த பெண்ணோ பிள்ளையோ ஒரு நாள், "அம்மா, எனக்கு எலெக்ட்ரிக் கிட்டார் வேணும்" என்று வந்து நின்றால்? பாதிப் பேருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. என்ன விலையோ, எது நல்லதோ, வீடு ரெண்டுபட்டுப் போகுமோ, கரண்ட் அடித்துவிடுமோ என்று ஆயிரம் கவலைகள்.

போன வருஷம் என் மகளுக்காக நான் இந்த வேலையில் இறங்கினேன். கிட்டாரில் ஒரு சுரம்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை, சகோதரிகளே! முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறோம், வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம் இல்லையா? அதைப் போலக் கிட்டாருக்கும் சில சோதனைகள் உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பரணில் கிடந்த கிட்டார்

என் நாத்தனார் பிள்ளைக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் வாங்கினார்கள். கடையில் இருந்ததிலேயே மலிவானது. பார்க்க மட்டும் பளபளவென்று செக்கச் சிவப்பு. பையன் ஒரு மாதம் முட்டி மோதிப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் கன்றிப் போயிற்று. சரியான இடத்தில் அழுத்தினாலும் அபஸ்வரமாகவே வந்தது. "இவனுக்குச் சங்கீதம் வராதுப்பா" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். கிட்டார் பரணுக்குப் போயிற்று. பையனும் அதையே நம்பிவிட்டான்.

சும்மா கிடக்கிறதே, என் மகளுக்கு ஆகுமா என்று கேட்டு அதை எடுத்துக்கொண்டு கிட்டார் ரிப்பேர் செய்கிறவரிடம் போனேன். அவர் ஒரு முறை பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதை வாசிக்கணும்னா பயில்வான்தான் வரணும், அக்கா. கம்பி எவ்வளவு உயரத்துல நிக்குது பாருங்க!" என்றார். சின்னச் சின்ன ஸ்க்ரூக்களைத் திருகினார், கழுத்தை நிமிர்த்தினார், புதுக் கம்பி போட்டார். அன்று சாயந்திரம் நாத்தனார் பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்தான். பத்தே நிமிஷத்தில் அவன் முகம் மாறிவிட்டது. "அத்தை, இது என்கிட்டயே இருக்கட்டுமே" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டான்!

குற்றம் பிள்ளையிடம் இல்லை, வாத்தியத்தில் இருந்தது. மலிவாக வாங்குவதில் தவறே இல்லை. ஆனால் விரலை வதைக்கிற கிட்டார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நஷ்டம்தான்; பணத்தோடு பிள்ளையின் தன்னம்பிக்கையும் போய்விடும்.

இது எப்படிப் பாடுகிறது?

சாதாரணக் கிட்டாரில் மரப்பெட்டிதான் ஒலியைப் பெருக்குகிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அது இல்லை. கம்பிகளுக்குக் கீழே 'பிக்கப்' என்று ஒன்று இருக்கும். காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருப்பார்கள். இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது. செப்புச் சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளியைப் பெரிதாக்கி ஒலியாக்குவதுதான் ஆம்ப்ளிஃபையர்.

இப்படி முதன்முதலில் விற்பனைக்கு வந்த கிட்டார்களில் ஒன்று, 1932ல் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் கம்பெனி கொண்டுவந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்துமாக இருந்ததால் அதற்கு 'வாணலி' என்றே செல்லப்பெயர் விழுந்துவிட்டது. நம் சமையலறைக்குச் சொந்தக்காரன்தான், பார்த்தீர்களா!

"பொண்ணுக்கு எதுக்கு இது?"

என் மாமியார் கேட்டார்: "ஏம்மா, பொம்பளைப் பிள்ளைக்கு வீணை இருக்க இது எதுக்கு?" நான் அவருக்கு ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். சிஸ்டர் ரோஸெட்டா தார்ப், 1915ல் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. தேவாலயத்தில் பக்திப் பாடல் பாடி வளர்ந்தவர். 1938ல் இசைத்தட்டுக் கொடுத்தார். பிறகு எலெக்ட்ரிக் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் வெளுத்து வாங்கினார். சக் பெர்ரி, எல்விஸ் பிரெஸ்லி போன்றவர்களுக்கு அவர் முன்னோடி. 1973ல் காலமானார். 2018ல் ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

நம் ஊர் உதாரணமும் உண்டே! எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை வாசித்து உலகத்தையே கேட்க வைத்தவர் யு. ஸ்ரீநிவாஸ். பிரசன்னா எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கீர்த்தனைகள் வாசிக்கிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் பெயரைச் சொன்னதும் மாமியார் சமாதானமாகிவிட்டார்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

நான் மொத்தம் 20,000 ரூபாய் என்று ஒதுக்கினேன். அதைப் பத்துப் பங்காக்கிக் கிட்டாருக்கு ஆறு பங்கு, ஆம்ப்ளிஃபையருக்கு மூன்று பங்கு, சில்லறைச் சாமான்களுக்கும் 'செட்டப்' கூலிக்கும் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். உங்கள் தொகை கூடலாம், குறையலாம். இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும். ஆனால் அந்தக் கடைசிப் பங்கை மட்டும் தொடாதீர்கள். கம்பியின் உயரம், கழுத்தின் வளைவு, சுருதி இவற்றைச் சரிசெய்து தருவதற்குத்தான் செட்டப் என்று பெயர். புதுக் கிட்டாருக்கும் இது வேண்டும். நல்ல கடையில் விலையோடு சேர்த்தே செய்து தருவார்கள், வாய்விட்டுக் கேளுங்கள்.

பெயர் பெற்ற கம்பெனிகளே ஆரம்ப மாணவர்களுக்காகக் குறைந்த விலையில் செய்கின்றன. ஃபெண்டர் கம்பெனியின் மலிவு வரிசைக்கு ஸ்க்வயர் என்று பெயர், கிப்சனுடையது எபிஃபோன். யமஹாவில் பசிஃபிகா, ஐபனெஸில் ஜியோ. உள்நாட்டு விற்பனைப் பெயர்களும் பல உண்டு. பெயரைவிடக் கையில் இருக்கிற அந்த ஒரு கிட்டார் எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரே மாடலில் ரெண்டைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதனால்தான் கூடியவரை கடைக்கு நேரில் போகச் சொல்கிறேன். கிட்டார், ஆம்ப் எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வரும் 'பேக்' பார்க்கச் சல்லிசாக இருக்கும். வாங்கலாம், ஆனால் அந்த ஆம்பில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கடையில் ஏழு சோதனைகள்

1. காசு சோதனை: வீணையில் மெட்டு என்கிறோமே, அதுதான் கிட்டாரில் ஃப்ரெட். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசை நுழைத்துப் பாருங்கள். காசின் தடிப்பு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு காசு சற்று இடம் விட்டுப் போனால் நல்லது. ரெண்டு காசுகளைச் சேர்த்து வைத்தும் தாராளமாக நுழைந்தால் கம்பி உயரம் அதிகம். இறக்கித் தரச் சொல்லுங்கள்.

2. முள் சோதனை: கழுத்தின் ரெண்டு ஓரத்திலும் உள்ளங்கையை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். கத்திரிக்காய்க் காம்பு போலக் குத்தினால் ஃப்ரெட் முனைகளைச் சரியாகத் தேய்க்கவில்லை. வேறு கிட்டாரைக் கேளுங்கள்.

3. பலகை சோதனை: தச்சர் ஒற்றைக் கண்ணை மூடிப் பலகையைப் பார்ப்பாரே, அதே மாதிரி கழுத்தின் நுனியிலிருந்து நீளவாக்கில் பாருங்கள். மிக லேசான குழிவு இருக்கலாம், அதைத் திருத்திவிடலாம். முறுக்கிக்கொண்டிருந்தால் வேண்டவே வேண்டாம். பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

4. சுருதி சோதனை: கைபேசியில் 'ட்யூனர்' இலவசமாகக் கிடைக்கிறது. கம்பியை அழுத்தாமல் ஒரு முறை மீட்டி, முள் நடுவில் நிற்கும்படி வைக்கச் சொல்லுங்கள். பிறகு பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டினால் அதே எழுத்து வர வேண்டும், முள்ளும் நடுவிலேயே நிற்க வேண்டும். விலகினால் செட்டப் தேவை.

5. கரகர சோதனை: ஆம்பில் இணைத்து எல்லாக் குமிழ்களையும் திருகிப் பாருங்கள், ஸ்விட்சைத் தள்ளிப் பாருங்கள். கரகரப்போ, ஒலி விட்டு விட்டு வருவதோ கூடாது.

6. மடி சோதனை: பிள்ளையை உட்கார வைத்து மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வாரைத் தோளில் மாட்டி நிற்கவும் சொல்லுங்கள். எலெக்ட்ரிக் கிட்டார் மூன்றரை, நாலு கிலோகூட இருக்கும். 1954ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் உடம்பில் படும் இடங்களைக் குடைந்து விட்டிருப்பதால் விலாவில் உறுத்தாது. அந்த வடிவத்தைப் பல கம்பெனிகள் செய்கின்றன. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கம்பி நீளம் 22 அங்குலத்தை ஒட்டிய சின்னக் கிட்டாரைக் கேளுங்கள். பெரியவர்களுடையது 25 அங்குலம் அளவில் இருக்கும்.

7. ஆட்டக் கம்பி சோதனை: குதிரையில் 'ட்ரெமலோ' என்று ஒரு கைப்பிடி சிலவற்றில் இருக்கும். ஃப்ளாய்ட் ரோஸ் எனப்படும் பூட்டு வகை ஆரம்பத்தில் வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகிவிடும். ஆடாத குதிரையே சௌகரியம்.

நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். பார்த்தால் கையில் எடுக்கத் தோன்ற வேண்டும் அல்லவா? இன்னொரு நல்ல சேதி: எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள், இரும்புக் கம்பி போட்ட சாதாரணக் கிட்டாருடையதைவிட மெல்லியவை. மெல்லிய முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்குதான். விரல் வலி குறைவு.

ஆம்ப்: சின்னதே போதும்

"100 வாட் வாங்கினா பின்னாடி உபயோகமாகும்" என்பார்கள். கேட்காதீர்கள். 100 வாட் ஆம்ப், 10 வாட்டைவிடப் பத்து மடங்கு சத்தமாக இருக்காது. காதுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்குதான். வீட்டுக்குப் பத்து வாட்டே தாராளம். 10 வாட்டும் 6 அங்குல ஸ்பீக்கரும் கொண்ட ஃபெண்டர் ஃப்ரண்ட்மேன் போன்றவை இதற்கென்றே வருகின்றன. பாஸ் காட்டானா மினி 7 வாட். பேட்டரியிலும் ஓடும், கரண்ட் போனாலும் கவலையில்லை. அதுவும் முடியாதவர்களுக்கு வாக்ஸ் ஆம்ப்ளக் போலக் கிட்டாரிலேயே செருகும் தீப்பெட்டி மாதிரியான ஹெட்ஃபோன் ஆம்ப் இருக்கிறது.

ஆம்பில் ரெண்டு துளைகள் கட்டாயம் வேண்டும். ஒன்று ஹெட்ஃபோனுக்கு, அடுத்த வீட்டுக்காரருக்கும் மதியம் கண்ணயரும் மாமியாருக்கும் அதுவே நிம்மதி. இன்னொன்று கைபேசியை இணைக்க. பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கலாம்.

'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். ஒற்றைச் சுருள் பிக்கப், நம் வீட்டு 50 சைக்கிள் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். ஃப்ரிட்ஜ், ட்யூப்லைட் பக்கத்திலிருந்து தள்ளி உட்காரச் சொல்லுங்கள். 'ஹம்பக்கர்' எனப்படும் இரட்டைச் சுருள் பிக்கப்பில் இந்தத் தொல்லை குறைவு.

இந்த ரெண்டில் மட்டும் கண்டிப்பு

முதலாவது, எர்த். கிட்டாரின் கம்பிகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. வாசிக்கும் பிள்ளையின் கை எப்போதும் அதன் மேல்தான். 1972ல் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்துபோனார். ஆகவே மூன்று பின் ப்ளக்கை ரெண்டு பின் துளையில் செருக அடாப்டர் போடாதீர்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் இன்னும் உத்தமம். துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு வாசிக்க விடாதீர்கள்.

ரெண்டாவது, காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் என்றால் நாலே மணி நேரம்தான்! ஹெட்ஃபோன் போட்டிருக்கும்போது பக்கத்தில் நின்று நாம் சாதாரணமாகக் கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்க வேண்டும். அதுதான் அளவு.

வீட்டுக்கு வந்த பிறகு

கூடவே மூன்று மீட்டர் கேபிள், தோள் வார், நாலைந்து 'பிக்', ஒரு செட் கம்பி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் முதலில் அறுவது மெல்லிய கம்பிதான். வியர்வையும் கடல் காற்றும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வாசித்து முடித்ததும் பழைய வேஷ்டித் துணியால் துடைக்கப் பழக்குங்கள். ஜன்னல் வெயிலிலும் ஈரச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் கழுத்து சற்று அசையும். வருஷத்துக்கு ஒரு முறை செட்டப் போதும்.

உறைக்குள் போட்டு மூடாமல், கண்ணில் படும்படி ஸ்டாண்டில் வையுங்கள். தினம் இருபது நிமிஷம் வாசித்தால் போதும். முக்கியமாக, முதல் மூன்று மாதத்துக்கு விருந்தாளிகள் முன்னால் "ஒரு பாட்டு வாசி, பார்க்கலாம்" என்று சொல்லாதீர்கள். தானாகவே ஒரு நாள் வந்து, "அம்மா, இதைக் கேளேன்" என்று கூப்பிடும். அப்போது அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்து கேளுங்கள்.