குறைந்த செலவு கேமிங் கணினிக்கான தாய்ப்பலகைத் தேர்வு

பேச்சுவழக்கில் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை, கணினியின் செயலி, நினைவகம், வரைகலை அட்டை, சேமிப்பகம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் முதன்மைச் சுற்றுப்பலகை ஆகும். ஒரே செயலியையும் ஒரே வரைகலை அட்டையையும் மலிவான பலகையிலும் விலையுயர்ந்த பலகையிலும் பொருத்திப் பார்த்தால், விளையாட்டில் கிடைக்கும் ஃபிரேம் எண்ணிக்கை பெரும்பாலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். எனவே கேமிங் கணினியில் பணத்தைச் சேமிக்கத் தகுந்த முதல் இடம் தாய்ப்பலகைதான். ஆனால் எந்தச் செயலியைப் பொருத்தலாம், அது முழு வேகத்தில் ஓடுமா, பின்னாளில் வேறொன்றை மாற்ற முடியுமா என்பவற்றைத் தீர்மானிப்பதும் அதுவே. தவறான இடத்தில் சேமித்தால், சில ஆண்டுகளில் பலகையோடு செயலியையும் நினைவகத்தையும் சேர்த்து மாற்ற நேரிடும்.

சாக்கெட்டும் சிப்செட்டும்

செயலி அமரும் இடம் சாக்கெட். அது பொருந்தினால் மட்டும் போதாது, சிப்செட்டும் பயாஸ் மென்பொருளும் அந்தச் செயலியை ஏற்க வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இன்டெலின் எல்ஜிஏ 1151. ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்கான எச்110, பி250 பலகைகளில் 2017 இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலி அளவில் சரியாக உட்காரும், ஆனால் இயங்காது. பழைய பலகையை மலிவாக வாங்குவோர் அதிகம் ஏமாறும் இடம் இது.

ஏஎம்டியின் ஏஎம்4 இதற்கு நேர்மாறானது. 2017 இல் ரைசன் செயலிகளுடன் பரவலான இந்தச் சாக்கெட்டுக்கு 2018 இல் பி450, 2020 இல் பி550, ஏ520 ஆகிய சிப்செட்டுகள் வந்தன. 2020 மே மாதத்தில், அடுத்து வரும் ரைசன் 5000 வரிசை பி450 பலகைகளில் இயங்காது என்று ஏஎம்டி அறிவித்தது. பயனர்களிடையே கடும் எதிர்ப்பு எழவே, அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 2022 இல் பழைய 300 வரிசைப் பலகைகளுக்கும் வழி திறந்தது. இதனால் 2017 இல் பி350 பலகையும் நான்கு கருக்கள் கொண்ட ரைசன் 3 1200 செயலியும் வாங்கியவர், பலகை நிறுவனம் பயாஸ் புதுப்பிப்பை வெளியிட்டிருந்தால், அதே பலகையில் 2022 இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிந்தது. மலிவான பலகைக்கு இதைவிட நீண்ட ஆயுள் அரிது.

பயாஸ் பழையதாக இருந்தால் புதுச் செயலி இயங்காது, திரையில் எதுவும் வராது. கடையில் நெடுநாள் கிடந்த பி450 பலகையில் ரைசன் 5 5600 செயலியைப் பொருத்தும்போது இது நேரலாம். செயலி இல்லாமலேயே பென் டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில பலகைகளில் உண்டு. அது இல்லையென்றால் கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்வது நல்லது. எந்தச் செயலிக்கு எந்தப் பயாஸ் பதிப்பு தேவை என்ற பட்டியல், பலகை நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு மாதிரிக்கும் தனித்தனியே இருக்கும்.

மின்சீராக்கிப் பகுதி

எஸ்எம்பிஎஸ் தரும் 12 வோல்ட்டை, செயலிக்குத் தேவைப்படும் ஒரு வோல்ட் அளவுக்குக் குறைத்துத் தரும் சுற்று விஆர்எம் எனப்படும். சாக்கெட்டைச் சுற்றிலும் வரிசையாக நிற்கும் சிறு கனசதுரங்கள் அதன் சுருள்கள். மிக மலிவான பலகைகளில் இதற்கு ஹீட்சிங்க் இருக்காது. செயலியின் மீது எழுதியிருக்கும் 65 வாட் என்ற எண்ணை நம்பி இதை அளக்கக் கூடாது. இன்டெலின் ஐ5-12400எஃப், ஐ7-12700எஃப் இரண்டுக்குமே அடிப்படை 65 வாட்தான். ஆனால் உச்சத்தில் முன்னது 117 வாட்டும், பின்னது 180 வாட்டும் இழுக்கும். ஹீட்சிங்க் இல்லாத எச்610 பலகை முன்னதைத் தாங்கலாம். பின்னதைப் பொருத்தினால் விஆர்எம் சூடேறி, செயலியின் வேகம் தானாகக் குறையும். விளையாட்டு தொடங்கிச் சிறிது நேரம் கழித்துத் திணறல் வந்தால் சந்தேகிக்க வேண்டியவற்றில் இதுவும் ஒன்று.

நினைவகமும் வரைகலை அட்டையும்

ஒற்றை 16 ஜிபி ரேமைவிட இரண்டு 8 ஜிபி ரேம்கள் சிறந்தவை. டிடிஆர்4-3200 ரேம் ஒன்று விநாடிக்கு 25.6 ஜிபி தரவைக் கடத்தும். இரு வழித்தடங்களில் இரண்டைப் பொருத்தினால் அது 51.2 ஜிபி ஆகும். தனி வரைகலை அட்டை இல்லாமல் ரைசன் 5 5600ஜி போன்ற செயலியில் விளையாடுவோருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. இரண்டு ரேம் இடங்கள் மட்டுமே உள்ள பலகை குறையுடையது அல்ல. ஆனால் முதலில் இரண்டு 4 ஜிபி வாங்கிவிட்டுப் பின்னர் கூட்ட நினைப்பவர், அவற்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும். இன்டெலின் பி660, பி760 பலகைகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இருவகையாக விற்கப்படுகின்றன. ஒன்றின் ரேம் மற்றொன்றில் பொருந்தாது.

பிசிஐஇ பதிப்பு பெரும்பாலான அட்டைகளுக்கு அவ்வளவு முக்கியமில்லை. வியப்பாக, விலை குறைந்த அட்டைகளுக்குத்தான் அது முக்கியம். 2022 இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி அட்டைக்கு 4 ஜிபி நினைவகமும் நான்கு தடங்களும் மட்டுமே உள்ளன. பிசிஐஇ 4.0 உள்ள பி550 பலகையில் ஓரளவு ஓடும் இந்த அட்டை, 3.0 மட்டுமே உள்ள பி450, ஏ520 பலகைகளில் பல விளையாட்டுகளில் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்குகிறது. ரைசன் 5 5500 செயலியோ, எந்தப் பலகையில் இருந்தாலும் 3.0 ஐத் தாண்டாது.

விட்டுவிடக்கூடியவை

வண்ண விளக்குகள், இரண்டாவது வரைகலை அட்டைக்கான இடம், 2.5 ஜிகாபிட் லேன் ஆகியவை இல்லாததால் விளையாட்டுக்கு இழப்பில்லை. பெட்டியில் அச்சிட்ட ‘கேமிங்’ என்ற சொல்லுக்குத் தொழில்நுட்பப் பொருள் எதுவும் கிடையாது. 244 மில்லிமீட்டர் சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் பலகையே ஒரு வரைகலை அட்டை கொண்ட கணினிக்குத் தாராளம். என்விஎம்இ சேமிப்பகத்துக்கான எம்.2 இடம் ஒன்றாவது இருக்க வேண்டும்.

பழைய இன்டெல் பலகையை வாங்குவோர் சாக்கெட்டின் ஊசிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது அவசியம். ஒன்று வளைந்திருந்தாலும் ரேம் இடங்களில் ஒன்று செயல்படாமல் போகலாம். ஏஎம்4 இல் ஊசிகள் செயலியில் இருப்பதால், அங்கே செயலியைத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும்.