காற்புள்ளி சொல்லும் சேதி

ஆர் மொழியில் அணியை அச்சிட்டால் ஓரத்தில் [1,] என்றும் தலையில் [,1] என்றும் வருகிறதே, அந்தக் காற்புள்ளி எதற்கு என்று புள்ளியியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பெல் ஆய்வகத்தில் 1976-ல் தொடங்கிய எஸ் மொழியின் வழித்தோன்றல் ஆர். ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கியது. 1 முதல் 6 வரை இரண்டு நிரைகளில் அடுக்கச் சொன்னால் இப்படிக் காட்டும்:

     [,1] [,2] [,3]
[1,]    1    3    5
[2,]    2    4    6

எண்கள் மேலிருந்து கீழாக நிரம்புகின்றன. ஃபோர்ட்ரான் காலத்து வழக்கம். காற்புள்ளிக்கு முன்னால் நிரை, பின்னால் நிரல். ஓர் இடத்தைக் காலியாக விட்டால் அந்தப் பக்கம் உள்ளதெல்லாம் வேண்டும் என்று பொருள். ஓரத்தில் தெரியும் [2,] என்பதையே அணியின் பெயரோடு சேர்த்துத் தட்டிப் பாருங்கள்: 2, 4, 6 வந்துவிடும். எண்ணைக் காட்டும்போதே எடுக்கும் வழியையும் எழுதிவைத்த அந்த யோசனையை நான் வியக்காத நாளில்லை.

இப்போது வந்த விடையின் ஓரத்தைக் கவனியுங்கள். [1] என்று மட்டும் இருக்கும், காற்புள்ளி இராது. ஒற்றை நிரையாகப் பிரிந்ததும் அது அணி என்ற தகுதியை இழந்து வெறும் வெக்டராகிவிட்டது. அணியாகவே வேண்டுமென்றால் 'ட்ராப்' என்பதற்கு 'ஃபால்ஸ்' கொடுக்க வேண்டும். பின்னால் கணக்கு எங்கோ இடறும்போது மணிக்கணக்கில் தேடுகிறவர்கள், இந்த ஓரத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

தசமத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. கடைப் பேரேட்டில் ஒரு தொகைக்குப் பைசா வந்தால் அந்தப் பத்தி முழுக்க என் அப்பா பைசா எழுதுவார். ஆரும் அப்படித்தான்: ஒரு நிரலில் 3.141593 இருந்தால் அதற்குக் கீழுள்ள 2, 2.000000 ஆகிவிடும், பக்கத்து நிரலின் 10 மாறாது.

ஆனால் நாம் சொல்லாதவரை ஆர் காட்டுவது 7 முக்கிய எண்ணுருக்கள்தான். உள்ளே ஏறக்குறைய 16 இருக்கும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் திரையில் 0.3, 17 எண்ணுருக்கள் கேட்டால் 0.30000000000000004. திரையில் கண்டதை ஆய்வேட்டில் ஒட்டி, அதிலிருந்தே அடுத்த கணக்கையும் தொடர்கிறார்கள் பலர். பாடுபட்டுத் திரட்டிய தரவுக்குச் செய்யும் அநியாயம் இது. எண்களை வேறிடம் கொண்டுபோக 'ரைட் சிஎஸ்வி' கட்டளை இருக்கிறது. 15 முக்கிய எண்ணுருக்கள் வரை எழுதித் தரும்.