ஒகேனக்கல் வெயிலில் ஒரு மெக்சிகோ பிராணி

"அண்ணா, பாப்பா கேட்டுச்சேன்னு சென்னையிலிருந்து ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். மீன் மாதிரி இருக்கு, நாலு காலும் இருக்கு. ஒரு வாரமா வாயே திறக்க மாட்டேங்குது. எறால் போட்டேன், புழு போட்டேன், நம்ம கடை மீனை நறுக்கிப் போட்டேன். எல்லாம் அடியில கிடந்து அழுகுது."

கேட்டவர் ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்கும் தம்பி. டீ வந்தது. அவர் செல்போனில் படத்தைக் காட்டினார். வெளிர் ரோஜா நிற உடம்பு, தலைக்கு இரண்டு பக்கமும் இறகு போல விரிந்த செவுள்கள். ஆக்சலாட்டலேதான். 2021-இல் மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இது வந்தது முதல் பிள்ளைகள் இதைக் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். இவர் மகளும் அப்படித்தான் கேட்டிருக்கிறாள்.

"தீனியை விடுங்க தம்பி. தொட்டித் தண்ணி எத்தனை டிகிரி?"

"டிகிரியா? நம்ம வீட்டுத் தண்ணிதான்."

கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஆக்சலாட்டல் மீன் அல்ல. தவளையின் தூரத்து உறவான வாலுள்ள நீர்நில வாழ்வி. தவளைக்குஞ்சு வளர்ந்தால் செவுளை இழந்து கரையேறும். இது செவுளோடே வளர்ந்து, குட்டி போன்ற முகத்தோடே முட்டையும் இட்டு, ஆயுள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும். சொந்த ஊர் மெக்சிகோ நகரத்தின் சோச்சிமில்கோ ஏரியும் அதன் கால்வாய்களும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், அதாவது நம் ஊட்டி உயரம். அங்கே தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டுவது அரிது. வளர்ப்பவர்கள் 16 முதல் 18 டிகிரி வரை வைக்கச் சொல்வதும், 24-ஐத் தாண்டினால் ஆபத்து என்பதும் அதனால்தான். சித்திரையில் ஒகேனக்கல் வீட்டுக்குள் ஒரு தொட்டி 30 டிகிரியில் நின்றால் ஆச்சரியமில்லை.

சூடு கூடினால் ஏன் பசி போகிறது? இங்கே முதலைப் பண்ணையைப் பார்த்து வளர்ந்தவருக்குப் பாதி புரிந்த விஷயம்தான். முதலையின் உடம்புச் சூட்டை வெளிச்சூடுதான் தீர்மானிக்கிறது. குளிர்காலத்தில் செரிமானம் மந்தமாகி அது தீனியைக் குறைத்துக்கொள்ளும், வெயில் ஏறினால் சாப்பிடும். ஆக்சலாட்டலும் அதே வகை உடம்புதான், ஆனால் குளிருக்கென்று அமைந்தது. தண்ணீர் சூடாகச் சூடாக அதன் உடம்பு வேகமாக ஓடும், ஆக்சிஜன் அதிகம் கேட்கும். தண்ணீரோ அதே நேரத்தில் கஞ்சத்தனம் காட்டும்: 18 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பதரை மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் நல்ல தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். மூச்சுக்கே திணறும் பிராணி இறாலை ஏறெடுத்தும் பார்க்காது.

"அப்ப ஐஸ் போட்டுடலாமா? கடையில பெட்டி பெட்டியா கிடக்கே."

நேராகப் போடவே கூடாது. ஒரே அடியாகக் குளிர்ந்தால் அதுவும் அதிர்ச்சிதான். அவர் கடையில் இருக்கும் தெர்மாகோல் பெட்டி மட்டும் நல்ல ஆயுதம். மீன் வைத்த பழையது வேண்டாம், புதிது ஒன்று எடுத்துக்கொள்ளட்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பில் நல்ல தண்ணீர் விட்டு, அதில் ஆக்சலாட்டலை மாற்றி, டப்பை அந்தப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். உறையவைத்த தண்ணீர் பாட்டில் டப்புக்கு வெளியே, பெட்டியின் ஓரத்தில் நிற்கட்டும். மூடியை முழுக்க அடைக்காமல், தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டே சில மணி நேரத்தில் இரண்டு மூன்று டிகிரி என்று மெதுவாக இறக்க வேண்டும். டப்புத் தண்ணீரைத் தினமும் முழுசாக மாற்ற வேண்டும்; புதுத் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். தொட்டிக்கு மேல் ஃபேன் வைத்தால் ஆவியாகிக் கொஞ்சம் குளிரும், இந்த வறண்ட காற்றில் கடலோரத்தைவிட நன்றாகவே குளிரும். ஆனால் 30-ஐ 18 ஆக்க ஃபேனால் முடியாது. நிரந்தரத்துக்கு சில்லரோ ஏசி அறையோ வேண்டும், இரண்டும் பணம்.

அடுத்தது தண்ணீரின் குணம். தர்மபுரி மாவட்டத்தில் தண்ணீர் என்றால் ஒரு கதை உண்டு. போர்வெல்லில் ஃபுளோரைடு, பல்லெல்லாம் பழுப்பு. அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-இல் திறந்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீர் குழாயில் வரும்போது குளோரின் கலந்து வரும். நமக்கு நல்லது, இந்த நீட்டிய செவுளுக்கு நெருப்பு. ஒரு நாள் அகலமான பாத்திரத்தில் பிடித்து வைத்து ஆறவிட வேண்டும், அல்லது வண்ண மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு விட வேண்டும்.

அழுகிய மீன் துண்டு இன்னொரு வினை. அதிலிருந்து வருவது அம்மோனியா. தண்ணீர் சூடாகவும் காரத்தன்மை கூடியும் இருந்தால் அதே அம்மோனியாவுக்கு விஷம் ஏறும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே பிராணியையும் உள்ளே விட்டவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வரும். சோதனை கிட் வாங்கிப் பார்த்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும்.

"அண்ணா, செவுள் முன்பக்கமா வளைஞ்சிருக்கு."

அது அவதியின் அறிகுறி. ஃபில்டர் தண்ணீரை வேகமாக அடித்தாலும் இப்படி வளையும். அடியில் கூழாங்கல் பரப்பியிருந்தால் இன்றே அள்ளிவிட வேண்டும். இது கடித்து மெல்லாது, வாயைச் சட்டென்று திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். வயிறு உப்பி, மலம் போகாமல், தீனியும் வேண்டாம் என்று கிடந்தால் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

குளிர்ந்த, சுத்தமான தண்ணீரில் இரண்டொரு நாள் விட்ட பிறகே தீனிப் பேச்சு. வளர்ந்தது என்றால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு வேளை போதும்; உடம்பு தேறியிருந்தால் இரண்டு வாரம்கூடப் பட்டினி தாங்கும். சின்னதுக்கு அந்தச் சலுகை கிடையாது, அதற்குத் தினமும் வேண்டும். மண்புழுதான் சிறந்தது. ஆனால் எந்தப் புழு என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண்புழு உரக் குழியிலிருந்து எடுக்கும் சிவப்புப் புழு, தொட்டால் கசப்பான மஞ்சள் நீர் விடும். ஆக்சலாட்டல் உறிஞ்சிய வேகத்தில் துப்பிவிடும், நாம் "இன்னும் சாப்பிடலை" என்று கவலைப்படுவோம். மருந்து அடிக்காத ஈர மண்ணில் தோண்டும் சாதாரணப் புழுவைக் கழுவி, வாயகலத்துக்கு நறுக்கி, இடுக்கியால் மூக்குக்கு முன்னால் மெல்ல அசைத்தால் போதும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கொடுக்க வேண்டும். இது கண்ணைவிட வாசனையையும் அசைவையும் நம்பும். பத்து நிமிஷத்தில் தொடவில்லை என்றால் எடுத்துவிட வேண்டும். காவிரியில் பிடித்த பொடி மீனை உயிரோடு விடுவது வேண்டவே வேண்டாம்: நோய் வரும், பொடி மீன் அதன் செவுளைக் கொத்தும். வாயைப் பிளந்து ஊட்டுவதும் கூடாது.

இதற்கும் மசியவில்லை, செவுளில் பஞ்சு போலப் பூஞ்சை தெரிகிறது, மிதந்துகொண்டே இருக்கிறது, உடம்பு தலையைவிட மெலிகிறது என்றால் கால்நடை மருத்துவர்தான். மாடு ஆடு பார்ப்பவருக்கு இது புதுசாக இருக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ சென்னை வேப்பேரியிலோ கேட்டுப் பார்க்கலாம். போகும்போது தண்ணீரின் டிகிரியையும் அம்மோனியா அளவையும் எழுதிக்கொண்டு போனால் மருத்துவர் பாதி வேலையை அங்கேயே முடிப்பார்.

டீக்குக் காசு கொடுத்துக்கொண்டே தம்பி மெல்லக் கேட்டார்: "முடியலன்னா ஆத்துல விட்டுடலாமா?"

கூடாது. காவிரிச் சூட்டில் அது தங்காது. தங்கினாலும் இந்த ஆற்றுக்கு அந்நியம், எந்த நோயைக் கொண்டு வந்ததோ தெரியாது. சொந்த ஊரிலேயே அதன் நிலைமை மோசம்: சோச்சிமில்கோவில் 1998-இல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிட்டது, 2014 கணக்கெடுப்பில் 36-க்கு வந்துவிட்டது. மெக்சிகோவின் 50 பெசோ நோட்டில் படம் மட்டும் ஜம்மென்று இருக்கிறது. உலக அளவில் இதன் வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. நம் வனவிலங்குச் சட்டத்தில் 2022-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நான்காம் அட்டவணையில் சேர்ந்தது. 2024 விதிகளின்படி வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். முடியாவிட்டால் ஏசி அறையும் சில்லரும் உள்ள ஒருவருக்குக் கொடுக்கலாம், ஊட்டியிலோ பெங்களூரிலோ. அந்தக் கைமாற்றத்தையும் அதே தளத்தில் தெரிவிக்க வேண்டும், தம்பி. வாங்கியபோது பில் தந்தாங்களா, அதைத் தேடி எடுத்து வைங்க.